வகுப்பறைக் கருவிகளும் நம் தெருப் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

சமூகக் கணிமை பற்றியும், வகுப்பறைக்குள் புதிய கருவிகள் நுழையும் முறை பற்றியும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாம் ஆய்வு மாணவராக இருந்து பயின்றுவரும் துறை இதுவே. தலைப்பைக் கேட்ட பெரியவர் ஒருவர், "இது நமக்கு விளங்குகிற சங்கதிதானா தம்பி?" என்று வினவினார். நன்றாகவே விளங்கும். கணினி, கைபேசி, திரை ஆகியவற்றின் வழியாக மனிதர் மனிதரோடு எவ்வாறு கூடுகின்றனர், யார் யாரை விலக்குகின்றனர், யாருடைய சொல் ஏறுகிறது, யாருடைய சொல் அமுங்குகிறது என்று ஆராய்வதையே சமூகக் கணிமை என்கின்றனர். இந்தக் கேள்விகளைக் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். பெயர்தான் புதிது.

இப்பொருளை இன்று பேச வேண்டிய தேவை ஒன்றும் உள்ளது. வெள்ளி விழா நினைவாகத் திரட்டப்பெறும் நிதியைக் கொண்டு கணினிக் கூடம் ஒன்று அமைப்பதென்று பொதுக்குழுவில் பேச்சு எழுந்துள்ளது. பேருந்து நிலையத்தருகே வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பத்துக் கணினிகளும் ஒரு பெருந்திரையும் வைக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. நம் தெருவின் மாலைப் பள்ளிக் கட்டடமே போதும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரு சாராரும் கருவியின் விலையை விசாரித்து வந்திருக்கின்றனர். கருவியின் அருகில் யார் அமர்ந்திருப்பார் என்பதை இருவரும் பேசவில்லை. அதைப் பற்றியே இங்குச் சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் பள்ளத்தாக்கிற்குள் வந்த கருவிகளிலெல்லாம் பெரியது முல்லைப் பெரியாறு அணை. 1895இல் அது கட்டி முடிக்கப்பெற்றது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திரும்பிற்று. கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரையிலும், அதற்கு அப்பாலும், இருபோக நெல் விளைந்தது. இன்றும் விளைகிறது. அந்த நீரால் நம் மக்களுக்கு வேலை கிடைத்தது. நாற்று நட்டனர், களை பறித்தனர், கதிர் அறுத்தனர். நீர் நம் தெருவை ஒட்டித்தான் ஓடிற்று. ஆயினும் மடை திறப்பதற்கு நிலம் வேண்டும். அது நம்மிடம் இருக்கவில்லை. அணை கட்டியவர்மேல் குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. எப்பேர்ப்பட்ட கருவியும், முன்னமே இருக்கும் வாய்க்கால் வழியாகத்தான் பாயும் என்பதைக் காட்டவே கூறினோம்.

பள்ளிக்கூடத்திலும் இதே நிலைதான். அண்ணல் அம்பேத்கர் தாம் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதியுள்ளார். மற்றப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் தாமே குழாயைத் திறந்து குடிப்பர். அவர் மட்டும் குழாயைத் தொடலாகாது. ஆசிரியரின் இசைவு பெற்றபின் பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வாராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. பின்னர்ப் பம்பாயில் பயின்றபோது, கணக்கு ஒன்றைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்க, பலகைக்குப் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மாணவர்கள் ஓடிச் சென்று எடுத்துக்கொண்டனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். குழாயும் கரும்பலகையும் அக்காலத்து வகுப்பறைக் கருவிகள். இரண்டுமே பழுதின்றி இயங்கின. குழாயில் நீர் வந்தது. பலகையில் சுண்ணக்கட்டி எழுதிற்று. குழாயை யார் திறப்பது, பலகையை யார் தொடுவது என்பதில்தான் ஒரு பிள்ளையின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் நம் முன்னோர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சு இயந்திரம் நாட்டுக்கு வந்து பல காலம் ஆகியிருந்தும், அதில் நம் மக்களின் சொல் ஏறவில்லை என்று கண்டு, நம்மவர் ஒருவர் அதன் அருகில் அமர வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை எல்லார்க்கும் உரியன என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அதே சீனிவாசனே. இதழ் நடத்தியவரே சாலைக்காகவும் கிணற்றுக்காகவும் வாதாடினார் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நிற்க. கணினிக்கு வருவோம்.

நமக்கு அண்மையில் நடந்த ஒரு முயற்சியை முதலில் சொல்வது தகும். 2001ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஆக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு, ஊர்தோறும் இணைய மையங்கள் திறக்கப்பெற்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதில் துணைநின்றன. மின்னஞ்சல், அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பயிர் நோய்க்கும் கண் நோய்க்கும் ஆலோசனை, கணினிப் பயிற்சி என்று பலவும் அங்கே கிடைத்தன. மையங்களுக்கு யார் வருகின்றனர் என்பதை இராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்னும் இருவர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். ஊரில் சிலரே வந்தனர். வந்தவருள் பெரும்பாலோர் இளைஞர், ஆண்கள், படித்தவர், வசதியும் சமூக நிலையும் உடைய வீட்டார். இதில் வியப்பில்லை. நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறு. மையம் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு அருகே இருந்து, அவர்களுக்குத் தேவையானதைத் தந்து, கட்டணமும் தாங்கத்தக்கதாக இருந்த இடங்களில் அம்மக்களும் வந்தனர். ஊர்த் தெரு வழியாகச் சென்று, இன்னார் வீட்டுத் திண்ணையில் ஏறி, இன்னாரிடம் கேட்டுத்தான் கணினியைத் தொட வேண்டும் என்றிருந்தால் நம் தெருப் பெண்பிள்ளை போவாளா என்பதை இங்குள்ள தாய்மார்களே சொல்லலாம்.

அம்மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பெற்றன. அதற்கான காரணத்தையும் அவ்விருவர் ஆராய்ந்தனர். வரவு செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழுது பார்க்க ஆள் வரவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் தனியே அமர்ந்து நடத்திய மையங்கள் மற்றவற்றைவிட நெடுநாள் நின்றன. புதுச்சேரி ஊர்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998 முதல் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, ஊரார் எல்லாரும், குறிப்பாகத் தலித் மக்கள், தடையின்றி வந்துபோகும் இடத்தைத் தந்தால்தான் மையம் உண்டு என்று முதலிலேயே நிபந்தனை விதித்தனர். இடத்தைப் பற்றிய இந்தக் கண்டிப்பு நமக்கும் வேண்டும்.

அடுத்து, ஆள். புதுச்சேரியை அடுத்த காளிக்குப்பம் என்னும் தமிழ்ச் சிற்றூரில் நடந்த ஒரு சோதனையை உலகக் கல்வியாளர்கள் இன்றும் எடுத்துப் பேசுகின்றனர். 1999இல் தில்லியில் ஒரு சுவரைத் துளைத்துக் கணினியை வைத்து, சேரிப் பிள்ளைகள் தாமாகவே அதனைக் கற்றுக்கொள்வதைக் காட்டியவர் சுகதா மித்ரா. அவர், ஆசிரியரே இன்றிப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் செல்வர் என்று காண விரும்பி, காளிக்குப்பத்தில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் உயிர்த் தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்திலேயே கணினியில் வைத்துச் சென்றார். பிள்ளைகளுக்கோ ஆங்கிலம் அரைகுறை. மரபணு என்ற சொல்லே புதிது. 75 நாள் கழித்துத் தேர்வு வைத்தபோது ஏறத்தாழ 30 விழுக்காடு மதிப்பெண் பெற்றனர்! இச்செய்தியைக் கேட்டோர், "பார்த்தீர்களா, ஆசிரியரே வேண்டியதில்லை" என்று முழங்கினர். ஆயினும் சோதனை அங்கு முடியவில்லை. அவ்வூரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான இளம்பெண் ஒருவரை அவர்களோடு அமரச் செய்தனர். அப்பெண்ணுக்கும் அந்தப் பாடம் தெரியாது. பிள்ளைகளின் பின்னே நின்று, "அடடே, இது எப்படிச் செய்தாய்? இன்னும் கொஞ்சம் சொல்லேன்" என்று பாட்டிமார் கேட்பதுபோல் கேட்டதே அவர் செய்த வேலை. மதிப்பெண் 50 விழுக்காட்டைத் தொட்டது. ஆசிரியர் வைத்துப் பாடம் கற்ற தில்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகள் பெற்றதும் ஏறத்தாழ அவ்வளவே.

சுவரில் வைத்த கணினிகளின் பிற்கால நிலையையும் மறைக்கலாகாது. இமயமலை அடிவாரத்து ஊர்கள் சிலவற்றுக்குச் சென்று பார்த்த ஆராய்ச்சியாளர், அங்கு வைத்திருந்த கணினிகள் கவனிப்பாரின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்ததை எழுதியுள்ளார். பெங்களூரில் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். ஒரு கணினியைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் அமர்ந்தால், ஒரு பிள்ளையே மவுஸ் எனப்படும் சுட்டியைப் பற்றிக்கொள்கிறது. மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. அது எந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு சுட்டியாக, ஒரே திரையில் பல சுட்டிகளைப் பொருத்தும் வழியை அவர்கள் 2006இல் ஆக்கிக் காட்டினர். அந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கெண்டாரோ தோயாமா 2015இல் எழுதிய நூலில், கருவி என்பது மனிதரிடம் முன்னரே உள்ள ஆற்றலையும் நோக்கத்தையும் பெருக்கிக் காட்டுவதே என்னும் கருத்தை நிறுவினார். நல்ல ஆசிரியர் கையில் நன்மை பெருகும். அக்கறையற்ற பள்ளியில் அக்கறையின்மை பெருகும். பெரு நாட்டில், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தின்கீழ் ஊர்ப்புறப் பள்ளிகளுக்குக் கணினிகளை வாரி வழங்கியபின், 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை.

இவ்வளவையும் கேட்டு, கருவியே வேண்டாம் என்று நாம் சொல்ல வருவதாக இளைஞர்கள் கருதலாகாது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ அரைக்கோடி மாணவர்க்கு அவை வழங்கப்பெற்றன. படித்தவர் வீட்டில் மட்டுமே கண்டிருந்த பொருள் கூலிக்காரர் வீட்டுப் பரணில் ஏறியது சிறிய செய்தியன்று. "இவர்களுக்கு எதற்கு மடிக்கணினி? படம் பார்ப்பதற்கா?" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் படம் பார்த்தவர்களே. சிலர் விற்றனர், பழுதானபோது பலர் மூலையில் போட்டனர், வேறு சிலர் அதிலேயே தட்டச்சும் கணக்கியல் மென்பொருளும் பழகி வேலைக்குச் சென்றனர். இம்மூவரையும் வேறுபடுத்தியது எதுவென்று நாம் தெருவில் விசாரித்த அளவில் சொல்லுகிறோம். கூடப்பிறந்தவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கல்லூரி சென்ற அண்ணனோ, தெரிந்த ஒருவர் அருகில் இருந்த பிள்ளை முன்னேறிற்று. அவ்வளவே. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்குவதாக அரசு அறிவித்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைப்பதும் அரசின் திட்டமாக இருந்தது. ஆகவே கருவி வரும். அதனை வாங்கித் தருவது நம் சங்கத்தின் தலையாய வேலையாக இனி இருக்கப்போவதில்லை.

தமிழைப் பற்றியும் இங்கு ஒரு சொல். இந்தியப் பள்ளிகளுக்கு 1984இல் நடுவண் அரசு முதன்முதலாகக் கணினியைக் கொண்டுவந்தபோது அது இங்கிலாந்தில் செய்த பொறி. ஆங்கிலம் மட்டுமே அறிந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழுக்கென ஒரு விசைப்பலகை முறை, தமிழ் 99 என்று, அரசால் ஏற்கப்பெற்றது. அதனைப் பழக ஒரு வாரம் போதும். ஆயினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனைப் பழகியுள்ளனர்? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகின்றனர். விளையாட்டுக்கு அது போதும். மனு எழுத, கட்டுரை எழுத, ஊரின் வரலாற்றை எழுத அது போதாது.

இனிப் பெருந்தொற்றுக் காலத்துக்கு வருவோம். கருவி, இடம், ஆள் ஆகிய மூன்றில் எது எவ்வளவு என்பதை நம் பள்ளத்தாக்கு கண்ணெதிரே கண்டது அப்போதுதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பெற்றன. எட்டாம் வகுப்புக்குட்பட்ட பிள்ளைகள் மீண்டும் வகுப்பில் அமர 2021 நவம்பர் ஆயிற்று. ஏறத்தாழ இருபது மாதம்! பாடம் கைபேசியில் வரும் என்றார்கள். நம் வீடுகளில் கைபேசி எங்கே இருந்தது? தாயும் தந்தையும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றனர். பொழுது சாய்ந்துதான் திரும்புகின்றனர். வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்தால் அது ஜீப்பிலேயே மலையேறிப் போய்விடும். எல்லை அடைபட்ட மாதங்களில் கைபேசி வீட்டில் இருந்தது. அதற்குப் பணம் போடக் கூலி இல்லை. இது நம் தெருவின் கதை மட்டும் அன்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரைப் பொருளியல் அறிஞர் ஜான் திரேஸ் முதலானோர் ஆராய்ந்தனர். ஊர்ப்புறத்தில் ஒழுங்காக இணைய வழியில் படித்தோர் 8 விழுக்காடு. அவருள்ளும் தலித், பழங்குடிப் பிள்ளைகளைத் தனியே எடுத்துக்கொண்டால் 4 விழுக்காடு. மற்றவரிடையே அது 15 விழுக்காடு. நூற்றுக்கு நான்கு பேர் என்னும் இந்தக் கணக்கு நம் சங்கத்தின் சுவரில் எழுதப்படவேண்டியது.

அந்நாளில் கைபேசியைவிடத் தொலைக்காட்சி நமக்கு உதவிற்று. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. 2006 முதல் 2011 வரை அரசு வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கியபோது அதனை வீண் செலவு என்று எழுதாத ஏடு இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து அதன் திரையிலோ, அதற்குப் பின் வாங்கிய திரையிலோதான் நம் பிள்ளைகள் பாடம் கண்டனர். எனினும் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க இயலாது. அது சொல்லிக்கொண்டே போகும்.

கேட்டால் விடை சொல்ல ஆள் வந்தது 2021 அக்டோபர் இறுதியில். 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் அத்திட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள், அவருள் பெரும்பாலோர் பெண்கள், தத்தம் குடியிருப்பிலேயே மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தனர். மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். பொறி என்று சொல்ல ஏதுமில்லை. கோவில் திடல், சமுதாயக் கூடம், மரத்தடி, தன்னார்வலர் வீட்டுத் திண்ணை. கார்த்திக் முரளிதரன் முதலான அறிஞர்கள் தமிழக ஊரகப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தேர்ந்து ஆராய்ந்தனர். பெருந்தொற்றால் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் 2022இல் எழுதினர். நான்கில் ஒரு பங்கு! மாலைப் பள்ளி நடத்தி இருபத்தைந்து ஆண்டு கண்ட நம் பெரியோர்களுக்கு இது புதுமையாக இராது. தாம் செய்துவந்தது என்னவென்று அளந்து சொன்னார்கள் என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு உரியது.

கைபேசி நம் இளைஞர் கையில் நிலைபெற்றுவிட்ட இந்நாளில் வேறொரு கவலையும் எழுகிறது. குழு என்பது அதில் எளிதாகிவிட்டது. வகுப்புக்கு ஒரு குழு, ஊருக்கு ஒரு குழு, சாதிக்கு ஒரு குழு. வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் வருகிறது. சாதிக் குழுவில் கத்தியும் வசனமும் வருகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டதும், அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் நீங்கள் அறிந்தவை. கையில் கட்டும் வண்ணக் கயிற்றை விலக்க வேண்டும் என்றும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அருகருகே நடக்கும் நம் மாவட்டத்துக்கு அது நேரே பொருந்துவது. கயிற்றை ஆசிரியர் கண்ணால் காணலாம். கைபேசிக்குள் கட்டிய கயிற்றை யார் காண்பது? நம் பிள்ளைகளும் வீம்புக்கு வீம்பாக இதில் இறங்குவதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. திட்டித் திருத்த இயலாது. அதே கைபேசியில் செய்வதற்கு வேறொரு வேலையைத் தந்துதான் திருப்ப இயலும். 2003 முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா எவரும் எழுதத்தக்க கலைக்களஞ்சியம். நம் பள்ளத்தாக்கின் ஊர்கள், கால்வாய்கள், பறை இசைக் கலைஞர்கள், தோட்டத் தொழிலாளர் போராட்டங்கள் பற்றி அதில் சான்றோடு எழுதப் பழகினால், கண்டதை எல்லாம் பகிர்வதற்கும் சான்று காட்டி எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்குத் தானே விளங்கும். செயற்கை நுண்ணறிவு என்று இப்போது வந்திருப்பதற்கும் இதுவே மருந்து. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் பொறி, கேட்கத் தெரிந்தவனுக்கு உதவும். விடை சரியா பிழையா என்று பார்க்கத் தெரியாதவனை அது இன்னும் ஆழமாக மனப்பாடத்தில் தள்ளும்.

ஆதலால் பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் விண்ணப்பம் இது. கூடம் நம் தெருவிலேயே, மாலைப் பள்ளிக் கட்டடத்திலேயே அமையட்டும். பேருந்து நிலையத்தருகே அமைந்தால் ஊரார் பார்வைக்குப் பெருமையாக இருக்கும். ஆறு மணிக்குமேல் நம் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். பத்துக் கணினிக்கு மாறாக நான்கு போதும். மிச்சப்படும் தொகையை வைப்பு நிதியாக இட்டு, அதன் வட்டியோடு உறுப்பினர் மாதச் சந்தாவையும் சேர்த்து, நம் தெருவிலேயே படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண் ஒருவரை மாத ஊதியத்தில் அமர்த்த வேண்டுகிறோம். கணினி அறிவியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிடினும் குற்றமில்லை. காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் பாடம் தெரியாது என்பதை நினைவிற் கொள்க.

"சம்பளம் கொடுத்தால் பணம் கரைந்துபோகும், பொருளாக வாங்கினால் நிற்கும்" என்று ஒரு பெரியவர் அன்று சொன்னார். மதிப்போடு மறுக்கிறோம். ஐந்து ஆண்டில் நிற்காமற் போவது கணினிதான். சம்பளத்துக்கு நன்கொடை தருபவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்க இயலாது என்பது மெய்யே. அதனால்தான் அத்தகைய நன்கொடை அரிதாக வருகிறது போலும்.

நடைமுறையைப் பற்றி மூன்று செய்திகளை மட்டும் சொல்லி அமர்கிறோம். நேரம், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை. ஜீப் திரும்பும் வேளையில் தாய்மார்களும் எட்டிப் பார்க்கலாம். அடுத்தது, சுட்டி. கால்மணிக்கு ஒரு முறை கைமாற வேண்டும், பெண்பிள்ளை முதலில். மூன்றாவது, சாவி. சங்கத் தலைவர் வீட்டில் ஒன்றும், மகளிர் குழுத் தலைவி வீட்டில் ஒன்றும் இருக்கட்டும். தலைவர் ஊருக்குப் போன நாளில் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பலாகாது. கோடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. முதல் மாதம் தமிழ் 99 பழக்குவதற்கு நம்மோடு கல்லூரியில் பயிலும் தோழர்கள் மூவர் ஒப்புக்கொண்டுள்ளனர். நான்கு பேர் வேண்டும். விருப்பமுடையோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.